மூன்று கல்லா, நான்கு கல்லா: திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போக எந்த சீட்?

காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பட்டாலையில், அதாவது கூடத்தில், பதித்திருப்பது 10 அங்குல ஆத்தங்குடிக் கல். போன மாதம் ஒரு சாயங்காலம் அந்தக் கல்லை வைத்துத்தான் விமான சீட்டை அளந்தோம். முகப்பில் கிடந்த ஒயர் நாற்காலி இரண்டைத் தூக்கி வந்து ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டு, ஒரு முதுகுக்கும் அடுத்த முதுகுக்கும் நடுவே சரியாக மூன்று கல் வரும்படி நகர்த்தினேன். மூன்று கல் என்றால் 30 அங்குலம். பட்ஜெட் விமானங்களில் ஒரு வரிசைக்குக் கிடைக்கும் இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். 29, 28 என்று இறுக்கியிருப்பதும் உண்டு. அப்பச்சியை (அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும் முழங்கால் முன் நாற்காலியின் ஒயரில் போய் முட்டியது.

"நாலு கல்லுக்குத் தள்ளுடா" என்றார்.

நான்கு கல் இடம் போன தடவை அவருக்குக் கிடைத்தது. மாப்பிள்ளை போட்டுக் கொடுத்த டிக்கெட் அது. விமானத்தின் முன்பக்கம் திரைக்கு அந்தப் புறம் இரண்டிரண்டாகப் பெரிய பிசினஸ் இருக்கைகள். அப்பச்சி காலை நீட்டிக்கொண்டு கோலாலம்பூர் பக்கத்துக் கிள்ளான் வரை என் தங்கச்சியைப் பார்க்கப் போய்வந்தார். இந்தத் தடவை அதே நிறுவனத்தின் விமானத்தில் தேடினால் அந்தப் பகுதியே இல்லை. சீட் படத்தில் முதல் சில வரிசைகள் மட்டும் வேறு நிறத்தில் இருந்தன. கூடுதலாகக் கால் நீட்ட இடமாம், கொஞ்சம் கூடக் காசாம். இருக்கை அதே இருக்கை, வரிசைக்கு ஆறு பேர். சரி, இதை எடுப்பதா, வேறு வழி பார்ப்பதா என்று நான்கைந்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டதன் கணக்குதான் இது.

முதலில், ஏன் இப்படி மாற்றுகிறார்கள் என்பது. இதையும் கல் கணக்கிலேயே பார்த்துவிடலாம். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போவது பெரும்பாலும் நடுவில் ஒற்றை நடைபாதை உள்ள போயிங் 737, ஏர்பஸ் 320 வகைதான். அதில் பிசினஸ் என்றால் வரிசைக்கு நான்கு பேர், வரிசைக்கு 40 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வரிசைக்கு 120 அங்குலம், 12 கல் நீளம், 12 பேர். அந்த மூன்று வரிசையைக் கழற்றிவிட்டு 34 அங்குலத்தில் ஆறு ஆறாகப் போட்டால் 18 பேர். அப்போதும் கிட்டத்தட்ட இரண்டு கல் மிச்சம். எல்லாவற்றையும் 30க்கு இறுக்கினால் 24 பேர். அந்த 12 பெரிய இருக்கையில் காசு கொடுத்து ஏறுபவர் ஆறே பேர் என்றால், 18 பேர் கணக்குக்கே ஒருவர் மூன்று சீட்டுக்கான வருமானத்தைக் கொடுத்தாக வேண்டும். திருச்சியிலிருந்து ஏறுகிற கூட்டம் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும்: வேலைக்குப் போகிறவர்கள், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள், சாமான் கொண்டுபோய் விற்றுவிட்டு வருகிறவர்கள். கம்பெனி கணக்கில் பறக்கிறவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும்தான் ஏறுகிறார்கள். முன்வரிசை காலியாகப் போனால் நிறுவனம் எத்தனை நாள் பொறுக்கும்?

ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கதை இதற்கு நல்ல உதாரணம். வேறு நாட்டு நிறுவனங்களுக்காகச் செய்யப்பட்டு அங்கே போகாமல் நின்றுவிட்ட 737 மேக்ஸ் விமானங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. அவற்றில் முன்னாலேயே பிசினஸ் இருக்கை பொருத்தியிருந்தது. இருப்பதை ஏன் வீணாக்க வேண்டும் என்று கொஞ்ச காலம் அதற்கும் ஒரு பெயர் வைத்து விற்றார்கள். பிறகு எல்லாவற்றையும் முழு எகானமியாக மாற்றப்போவதாக அறிவித்தார்கள். அதன் தாய் நிறுவனம் ஏர் இந்தியா நடுவழியில் போனது. 12 பிசினஸ், 150 எகானமி என்றிருந்த ஏ320 நியோ விமானங்களை 8 பிசினஸ், 24 பிரீமியம் எகானமி, 132 எகானமி என்று மாற்றியது. அந்த 24 இருக்கையும் வரிசைக்கு ஆறு கணக்கில்தான். கால் இடம் மட்டும் கூடுதல். இண்டிகோ நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தது. பிசினஸே கிடையாது என்று இருந்தவர்கள், 2024 நவம்பரில் டில்லி–மும்பை விமானங்களில் 38 அங்குல இடைவெளியில் 12 பெரிய இருக்கைகளை முன்னால் போட்டார்கள். மேலே இருந்தவர் கீழே இறங்க, கீழே இருந்தவர் மேலே ஏற, இரண்டு பேரும் நடுப்படியில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

கால் இடத்தைக் காசாக்குவது புதிய யோசனை இல்லை. 1999இல் அமெரிக்காவின் யுனைடெட், முன் வரிசைகளுக்கு மட்டும் கூடுதல் இடம் கொடுத்தது. அது இன்றும் நடக்கிறது. அடுத்த ஆண்டே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதைவிடப் பெருந்தன்மையாக, விமானம் முழுவதும் எல்லோருக்கும் இடம் தருகிறேன் என்று 7,000க்கும் மேற்பட்ட இருக்கைகளைக் கழற்றி எறிந்தது. சில ஆண்டுகளில் திரும்பவும் மாட்டிவிட்டார்கள். எல்லோருக்கும் கொடுத்தால் அதற்கென்று யாரும் கூடக் கொடுக்க மாட்டார்கள். பக்கத்து வரிசைக்கு இல்லை என்றால்தான் கை பர்சுக்குப் போகும்.

இதெல்லாம் கேட்ட அப்பச்சி சிரித்தார். ஐயா, அதாவது அவருடைய அப்பா, கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது உதவி ஆளாக, இருந்தவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கு தாண்டி, போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்குவார். இன்றைய கிள்ளான் துறைமுகம்தான் அது. 1926இல் கட்டிய அந்தக் கப்பலில் ஆரம்பத்தில் 5,000 பேருக்கு மேல் டெக்கில் ஏற்ற அனுமதி இருந்தது. டெக் டிக்கெட் என்றால் இருக்கையும் இல்லை, படுக்கையும் இல்லை. பாயை விரித்த இடம் உங்கள் இடம். "எங்க அப்பச்சி ஏறின உடனே டிரங்குப் பெட்டிய ஒரு பக்கம், கூடைய ஒரு பக்கம் வச்சு வேலி கட்டிருவாகளாம். அதுக்குள்ள காலை நீட்டிக்கிட்டா பினாங்கு வரைக்கும் ராசாதான்." இந்தப் பேச்சு அப்போது சும்மா கேட்டுக்கொண்டது. பிறகு இதுவே உதவியது, சொல்கிறேன்.

இப்போது எங்கள் முன் இருந்த வழிகள். பயணிகள் இருவர். அப்பச்சிக்கு 74 வயது, ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, இடது முழங்கால் தேய்மானம். ஆத்தாவுக்கு, அதாவது அம்மாவுக்கு, 69; குள்ளமான உருவம். முழங்காலில் குறை இல்லை. ஆனால் இரண்டு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டால் பாதம் வீங்கிவிடும், ஒருக்களித்துச் சாயாமல் தூக்கம் வராது. போகும்போது இரவு விமானம், ஏறக்குறைய நான்கு மணி நேரம். திரும்புவது பகலில்.

சென்னை போய் ஏறுவதை முதலில் தள்ளிவிட்டேன். அங்கே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்றவற்றில் பிசினஸ் இருக்கை முழுக்கப் படுக்கையாகிவிடும். அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் காரைக்குடியிலிருந்து பல்லவன் ரயிலில் ஏழு மணி நேரம் உட்கார்ந்து எழும்பூரில் இறங்கி, மீனம்பாக்கம் போய்க் காத்திருந்து, அப்புறம் சிங்கப்பூரில் மாறி ஏறி, அங்கே கிடைக்கும் படுக்கைக்காக இங்கே ஒரு நாள் முழுக்க முதுகை ஒடிப்பதா? லண்டன் போவதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். கொழும்பு வழியும் அப்படித்தான். திருச்சியிலிருந்து கொழும்பு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான், ஸ்ரீலங்கனில் பிசினஸ் உண்டு; ஆனால் வயதானவர்களை நடுவில் ஒரு ஊரில் இறக்கி ஏற்றுவது எனக்குச் சரிப்படவில்லை. திருச்சி நம் வீட்டு வாசல் மாதிரி. திருமயம், புதுக்கோட்டை வழியாக 90 கிலோமீட்டர். அதை விட்டுவிட்டு யோசிப்பதே வீண்.

ஆக, திருச்சியிலிருந்து நேராகப் போகும் விமானம். அதில் அப்போதும் பிசினஸ் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். நான் தேடியபோது பாத்திக் ஏர் மலேசியாவின் 737 விமானங்கள் சிலவற்றில் முன்னால் 12 பெரிய இருக்கைகள் இருந்தன. அது படுக்கை ஆகாது. அகலமான, நன்றாகச் சாயும் நாற்காலி, அவ்வளவுதான். அன்று என் திரையில் பல விமானங்களை வைத்துப் பார்த்ததில், சாதாரண டிக்கெட்டை ஒரு ரூபாய் என்று வைத்தால் கால் இட சீட் ஒன்றேகால், பிசினஸ் மூன்று. தேதி மாறினால் இந்தக் கணக்கும் மாறும், ஆனால் விகிதம் ஏறக்குறைய இப்படித்தான் நிற்கிறது.

அந்த மூன்று ரூபாயில் என்னென்ன வாங்குகிறோம் என்று பிரித்துப் பார்த்தேன். இங்கேதான் எனக்கு ஒரு தெளிவு வந்தது. முதலில் ஏறும் உரிமை: வீல்சேர் கேட்டவர்களை எப்படியும் முதலில்தான் ஏற்றுகிறார்கள், தனிக் காசு இல்லை. முதலில் இறங்குவது: வீல்சேர்க்காரர்களைக் கடைசியில்தான் இறக்குவார்கள், முன்னால் உட்கார்ந்தும் பயனில்லை. சாப்பாடு: ஆத்தா வீட்டிலேயே இட்லியும் பொடியும் சாப்பிட்டுவிட்டு ஏறுகிறவர், விமானத்தில் தண்ணீருக்கு மேல் எதையும் தொடமாட்டார். ஓய்வறை: திருச்சியில் எவ்வளவு நேரம் உட்காரப் போகிறோம்? பெட்டி எடை: இது மட்டும் நமக்கு உண்மையான லாபம். தங்கச்சிக்கு எடுத்துப் போகும் மணகோலம், சீடை, மாவுருண்டை மாவு, ஊறுகாய் எல்லாம் சேர்த்தால் ஒரு கல்யாணச் சீர் கணக்கு வரும். ஆனால் எடையைப் பட்ஜெட் விமானத்திலும் தனியாக வாங்கலாம். டிக்கெட் போடும்போதே சேர்த்தால் மலிவு, கவுன்ட்டரில் போய் நின்றால் தீட்டிவிடுவார்கள்.

மிச்சம் இரண்டுதான்: நீளம், அகலம். பிசினஸ் இரண்டையும் தருகிறது. புதிதாக வந்திருக்கும் சீட் நீளத்தை மட்டும் தருகிறது. பெயரில் என்ன அலங்காரம் இருந்தாலும், அந்த சீட்டின் அகலம் 737இல் சுமார் 17 அங்குலம், ஏ320இல் சுமார் 18. கால் இடம் கொடுத்தோம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் தோள் இடத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

நீளத்திலும் சூட்சுமம் இருக்கிறது. 30, 34 என்று சொல்வது ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளி வரை. முதுகின் தடிமனும் அதற்குள் அடக்கம். பழைய பஞ்சு மெத்தை சீட்டில் 31 இருந்தும் முழங்கால் இடிக்கும். இப்போது வரும் மெல்லிய முதுகில் 29 இருந்தும் தப்பிக்கும். ஒயர் நாற்காலியில் நான் அளந்தது இந்த மெல்லிய வகைக்குப் பொருந்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கூடக் காசு வாங்கும் முன்வரிசை சீட் எல்லாம் கால் நீட்டும் சீட் என்று நினைத்துவிடக் கூடாது. சில நிறுவனங்களில் முதல் வரிசையிலும் அவசர வழி வரிசையிலும்தான் உண்மையான இடம். நடுவில் உள்ள வரிசைகளுக்கு வாங்கும் காசு சீக்கிரம் இறங்குவதற்கு மட்டும். அவசர வழி வரிசையை வயதானவர்களுக்கும் துணை தேவைப்படுகிறவர்களுக்கும் தரமாட்டார்கள்; ஆன்லைனில் காசு கட்டிவிட்டாலும் ஏறியதும் எழுப்பி வேறு இடத்தில் உட்கார வைப்பார்கள். அப்பச்சிக்கு அந்த வழி மூடியாகிவிட்டது. மிச்சம் முதல் வரிசை. எதிரே சுவர் அல்லது தடுப்பு, முழங்காலுக்கு எதிரி இல்லை. ஆனால் முன்னால் சீட் இல்லாததால் அதன் அடியில் பை வைக்கவும் வழி இல்லை. ஆத்தாவின் மாத்திரைப் பை, விபூதிச் சம்படம், சால்வை எல்லாம் விமானம் கிளம்பும்போதும் தரையிறங்கும்போதும் தலைக்கு மேலே உள்ள அலமாரிக்குப் போய்விடும். சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடித்து வைத்திருப்பதால் அந்தக் கைப்பிடியைத் தூக்க முடியாது. சீட்டும் ஒரு விரல் அளவு குறுகிவிடும்.

கைப்பிடி தூக்க முடியாது என்று படித்த இடத்தில்தான் ஐயாவின் டிரங்குப் பெட்டி வேலி எனக்கு நினைவுக்கு வந்தது.

ஐரோப்பாவுக்குள் ஓடும் லுஃப்தான்சா, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானங்களில் பிசினஸ் என்று விற்பது என்ன தெரியுமா? நம் எகானமி சீட்டேதான். மூன்றில் நடு சீட்டை யாருக்கும் கொடுக்காமல் காலியாக விடுகிறார்கள், முன்னால் ஒரு திரை, தட்டில் நல்ல சாப்பாடு. அதை அவர்கள் செய்யும்போது நாம் ஏன் செய்யக் கூடாது? இரண்டு பேருக்கு மூன்று சீட். பெட்டிக்குப் பதில் காசை வைத்து வேலி கட்டுவது.

கணக்கு: இரண்டு பேருக்கு பிசினஸ் ஆறு ரூபாய். கால் இட சீட் இரண்டரை. சாதாரண சீட் மூன்றை இருவருக்கு வாங்கினால் மூன்று ரூபாய். அரை ரூபாய் கூடக் கொடுத்தால், நீளத்துக்குப் பதில் அகலம்.

திரும்பவும் பட்டாலைக்குப் போனோம். இந்த முறை முன்னால் மூன்று நாற்காலி, பின்னால் மூன்று நாற்காலி, இடையே அதே மூன்று கல். நேராக உட்கார்ந்தால் அப்பச்சியின் முழங்கால் முட்டத்தான் செய்தது. நடு நாற்காலியைக் காலியாக விட்டு ஓரத்தில் அவரை உட்கார வைத்தேன். இடது காலைக் குறுக்காக நடு இடத்துக்குள் விட்டார். முழங்காலுக்கும் முன் நாற்காலிக்கும் நடுவே நான்கு விரல் இடம். "இது தேவலையே" என்றார். மறு ஓரத்தில் ஆத்தா செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடித்து நடு நாற்காலியில் வைத்து, ஜன்னல் பக்கமாகச் சாய்ந்தார். இரண்டு நிமிடத்தில் பேச்சு நின்றுவிட்டது. தூங்குகிறாரா நடிக்கிறாரா என்று தெரியவில்லை.

அப்படியானால் கால் இட சீட் வீண் என்று சொல்ல வரவில்லை. தனியாகப் போகிற உயரமானவருக்கு அதுதான் சரியான பேரம். ஒன்றேகால் ரூபாய்க்கு நான்கு அங்குலம் கிடைப்பது நான்கு மணி நேரப் பயணத்தில் பெரிய விஷயம். அதே ஆள் மூன்று ரூபாய் கொடுத்து பிசினஸ் எடுப்பது, கம்பெனி கொடுத்தால் ஒழிய, எனக்கு வீண் செலவாகவே தெரிகிறது. நிறுவனங்கள் இந்தத் தூரத்துக்குப் பெரிய இருக்கைகளைக் கழற்றுவதில் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். உடம்பு பருத்தவர்களுக்கும், இடுப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார முடியாதவர்களுக்கும் மட்டும் இது இழப்பு. அவர்களுக்கு நான்கு அங்குல நீளம் ஒன்றும் செய்யாது. திருச்சியில் 12 இருக்கை இன்னும் மிச்சம் இருக்கும் விமானத்தில், விலையைப் பார்க்காமல், அதில்தான் போக வேண்டும்.

காலி சீட் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. தங்கச்சி பெயரிலோ பக்கத்து வீட்டுக்காரர் பெயரிலோ மூன்றாவது டிக்கெட் போட்டுவிட்டு, "அவர் வரவில்லை" என்று சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். வராதவர் சீட் நிறுவனத்தின் சீட். கடைசி நிமிடத்தில் யாரையாவது கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவார்கள். பயணியின் பெயரிலேயே கூடுதல் சீட் என்று கேட்டு வாங்க வேண்டும். எல்லா நிறுவனமும் தருவதில்லை, தருகிறவர்களும் பெரும்பாலும் வாடிக்கையாளர் எண்ணில் கூப்பிட்டால்தான் போட்டுத் தருகிறார்கள். நான் இருபது நிமிடம் லைனில் நின்றேன். கூடுதல் சீட்டுக்குப் பெட்டி எடை சேருமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

நடைபாதை ஓரம் அப்பச்சிக்குத்தான் என்பதில் டாக்டரும் கறார். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு மணி நேரமும் அதற்கு மேலும் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது என்று வந்தது. விமானம் மட்டுமில்லை, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அதேதான். எழுந்து நாலடி நடப்பதுதான் மருந்து. நாலு கல் இடம் கிடைத்ததென்று நிம்மதியாக அசையாமல் கிடப்பதைவிட, மூன்று கல்லில் உட்கார்ந்து மணிக்கொரு தரம் எழுந்துவிடுகிறவர் நல்லபடியாக இறங்குவார்.

கடைசியில் போட்டது இப்படி. போகும்போது இரவு, தூங்க வேண்டும்; ஆகவே சாதாரண வரிசையில் மூன்று சீட், நடுவில் காலி. திரும்பும்போது பகல், தூக்கம் இல்லை, ஆத்தாவும் பேசிக்கொண்டு வருவார். ஆகவே முதல் வரிசையில் இரண்டு கால் இட சீட். பெட்டி எடை போகும்போது மட்டும் கூடுதலாக. திரும்பி வரும்போது டின் எல்லாம் காலியாகத்தானே வரும் என்று நினைத்தேன். தங்கச்சி நிரப்பி அனுப்புவாள் என்று ஆத்தா சொன்னதால் அதற்கும் பத்து கிலோ சேர்த்தாயிற்று.

எல்லாம் முடித்து ஆத்தாவிடம் சீட் படத்தைக் காட்டினேன்.

"நடுவுல யாருப்பா?"

"யாருமில்ல ஆத்தா, காலி. அதுக்கும் காசு கட்டியிருக்கு."

கொஞ்ச நேரம் யோசித்தார். "காசு கட்டுன எடத்தச் சும்மாவா போடுறது? மணகோலம் டின்ன வச்சுக்கிட்டா நொறுங்காமப் போகுமே."

விமானம் கிளம்பும்போதும் தரையிறங்கும்போதும் விடமாட்டார்கள், பறக்கும்போது வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.